மான் தின்ற பக்க எண்கள்

போன மாதம் ஒரு காலை, பாலையூற்றில் என் வீட்டு முற்றத்தில் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது நூலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் கவிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பழைய சிறுவர் புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“ஐயா, இஞ்ச ஒரு நீர்நாய்க் கதை இருக்கு. அதில பக்கமெல்லாம் மாறிக் கிடக்கு. பக்க எண்ணும் இல்லை.”

“ஓம்,” என்றேன்.

“ஆனா பின் அட்டைக்கு உள்பக்கத்தில ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. ‘பக்கங்கள் சரி’ எண்டு எழுதி, கீழ உங்கட கையெழுத்து.”

“ஓம்.”

“நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னா நான் என்ன ஐயா செய்யிறது? வரிசையை மாத்தி ஸ்கேன் பண்ணட்டா, இல்லாட்டி இருக்கிறபடியே எடுக்கட்டா?”

முப்பத்தொரு வருடம் அந்த நூலகத்தில் புத்தகம் கட்டியவன் நான். ஓய்வு பெற்ற ஒருவனிடம் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு வரியில் பதிலை எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளையின் அனுபவக் குறைவு. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை மனைவியிடம் கொடுத்தேன். இனிக் கவிதா வாசிக்கத்தான் வேண்டும்.

எங்கள் நூலகம் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருக்கும் சின்னக் கட்டடம். பின் முற்றத்தில் நின்றால் உள் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். நான் அங்கே வேலைக்குப் போன நாளில் எனக்குப் புத்தகம் கட்டத் தெரியாது. விண்ணப்பத்தில் தெரியும் என்று எழுதியிருந்தேன். ஓர் அச்சகத்தில் ஆறு மாதம் பசை காய்ச்சியதுதான் என் முழு அனுபவம். முதல் இரண்டு வருடத்தில் நான் பாழாக்கிய புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் இடுப்பு வரை வரும். அதற்குப் பிறகு ஓரளவு கை படிந்தது. கோதுமை மாப் பசையைக் கட்டி விழாமல் காய்ச்சுவதில் மட்டும் நான் தொடக்கத்திலிருந்தே வல்லவன். இதைச் சொன்னால் என் மனைவி எழுந்து குசினிக்குள் போய்விடுவாள், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நூலகர் இராசமலர் மிஸ். கட்டையான, சுத்தமான மனுசி. கறுப்புக் கரைச் சேலை, தோளில் பெரிய துணிப் பை. அந்தப் பைக்குள் மதியச் சாப்பாடு, குடை, கந்தோர்க் கடிதங்கள், பிள்ளைகளிடம் பறித்த மாபிள்கள், எல்லாம் கிடக்கும். சட்டங்களை அவரே எழுதிச் சுவரில் ஒட்டுவார். ‘ஒரு கதிரைக்கு ஓர் ஆள்’ என்பது அதில் முதலாவது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே கதிரையில் நெருங்கி உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பார்த்தாலும், வந்து முன்னால் நிற்பார். ஒரு பிள்ளை தானாக எழும்பி மற்றக் கதிரைக்குப் போகும்.

நான் கட்டி முடித்த புத்தகத்தை அவர் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். புத்தகத்தை வாங்கி, முதலில் மணந்து பார்ப்பார். பசை முழுதும் காயவில்லை என்றால் மூக்கிலேயே தெரிந்துவிடும். பிறகு சரியாக நடுவில் திறந்து மேசையில் வைத்துக் கையை எடுத்துவிடுவார். புத்தகம் அப்படியே விரிந்து கிடந்தால் வேலை சரி. மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தால், ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். அவ்வளவுதான். நல்லது என்று ஒரு சொல் அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவர் விரலை நீட்டாவிட்டால் அன்று எனக்குத் தீபாவளி.

பக்க வரிசையை மட்டும் அவர் பார்ப்பதில்லை. அது கட்டியவனின் பொறுப்பு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்துப் பார்த்து, ஒரு சீட்டில் ‘பக்கங்கள் சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகளை அவர் தன் மேசை லாச்சிக்குள் அடுக்கி வைப்பார். முதல் சில வருடம் நான் உண்மையாகவே புரட்டினேன். பிறகு, கையெழுத்து மட்டும் வைத்தேன். அரசாங்க வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி அந்த நீர்நாய்க் கதை. எங்கள் பிள்ளைகள் அதிகம் தூக்கிய புத்தகம் அது. ஒரு குளத்தில் நீர்நாய்க் குட்டி ஒன்றும் அதன் அம்மாவும் இருக்கின்றன. அம்மா குட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாக்க மிதக்கும், மூச்சைப் பிடித்து மூழ்கப் பழக்கும். பிறகு குளம் வற்றிப்போகிறது. அம்மா தண்ணீர் தேடிப் போகிறது, திரும்பி வரவில்லை. அலகுக்குக் கீழே பை தொங்கும் ஒரு கிழட்டுக் கூழைக்கடா குட்டியைப் பொறுப்பெடுக்கிறது. அது எந்நேரமும் புறுபுறுக்கும், ஒருநாளும் பாராட்டாது, ஆனால் குட்டிக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கும். கடைசியில் வளர்ந்த குட்டி தனியாக ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து போகிறது. கூழைக்கடா அலகை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது. கதை முடிந்தது.

பிள்ளைகள் இதை வைத்துச் சண்டை பிடிப்பார்கள். பாதிப் பேர் அம்மாவின் கட்சி, பாதிப் பேர் கூழைக்கடாவின் கட்சி. எனக்கோ அந்தக் கூழைக்கடாவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் துணிப் பையோடு நடந்து வரும் ஒரு மனுசியின் ஞாபகம் வரும். யார் என்று அப்போது நான் சொல்லவில்லை. பென்ஷன் வரத் தொடங்கிவிட்டதால் இப்போது சொல்லலாம். இராசமலர் மிஸ்தான்.

ஒரு மாரியில் கூரை ஒழுகி அந்தப் புத்தகம் நனைந்துவிட்டது. தையலைப் பிரித்தேன். பதினாறு பக்கம் கொண்ட மூன்று கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஓர் அத்தியாயம் முழுதாக இருந்தது. முதல் கட்டில் குளமும் குளத்தில் உள்ளவர்களும். இரண்டாவதில் அம்மாவும் குட்டியும். மூன்றாவதில் வறட்சி, கூழைக்கடா, முகத்துவாரம். மூன்றையும் பின் முற்றத்து வெயிலில் வைத்து, மேலே கல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திருகோணமலையில் மான்கள் ரோட்டில் திரிவதைப் பற்றி வெளியூர்க்காரர் வியப்பார்கள். எங்களுக்கு அது மாடு மாதிரி. பஸ் நிலையத்தில் படுக்கும், மரக்கறிக் கடையில் மேயும், குப்பையில் கடதாசி தின்னும். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது ஒரு புள்ளிமான் என் மூன்று கட்டுகளின் கீழ் ஓரத்தையும் வரிசையாக மென்றுகொண்டு நின்றது. கல் வைத்திருந்ததால் இழுத்துக்கொண்டு போக முடியாமல், எட்டிய மட்டும் தின்றிருந்தது. எழுத்துகளில் பெரிதாகக் கை வைக்கவில்லை. பக்க எண்கள் எல்லாம் போய்விட்டன. கடைசிப் பக்கத்தில் இருந்த ‘முற்றும்’ என்ற சொல்லும் போய்விட்டது.

பல் பட்ட ஓரத்தை நேராக வெட்டினேன். இப்போது எண் இல்லாத மூன்று கட்டுகள் என் முன்னால். வாசித்துப் பார்த்திருந்தால் வரிசை தெரிந்திருக்கும், அரை மணித்தியால வேலை. அன்றைக்கு வேறு பன்னிரண்டு புத்தகம் கிடந்தது, சோம்பலும் கிடந்தது. ஒவ்வொரு கட்டின் கடைசிப் படத்தையும் மட்டும் பார்த்தேன். ஒன்றில் ஒரு குட்டி அம்மாவின் வயிற்றில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கதை இப்படித்தானே முடியும் என்று எனக்குத் தோன்றியது. தலைப்பு இருந்த கட்டை முதலிலும் இதைக் கடைசியிலும் வைத்துத் தைத்து, அட்டை போட்டு, சீட்டில் ‘பக்கங்கள் சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மிஸ் மணந்து பார்த்தார், நடுவில் திறந்தார். புத்தகம் அழகாக விரிந்து கிடந்தது. விரல் நீளவில்லை.

இப்படியாக, நான் கட்டிய பிரதியில் அம்மா போகிறது, கூழைக்கடா பழக்குகிறது, குட்டி முகத்துவாரத்தைக் கடக்கிறது, அதற்குப் பிறகு பதினாறு பக்கம் அம்மாவும் குட்டியும் விளையாடுகிறார்கள்.

அந்த நாட்களில் நஸ்ரின் என்று எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தினமும் வரும். அதன் வாப்பா ரபீக், ஏற்றத்தின் அடியில் ஓட்டோ ஓடுபவர். கிண்ணியாப் பக்கத்து ஆள், டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். பிள்ளையின் உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் ரபீக் பிள்ளையை எங்களிடம் இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார். பிள்ளை வந்ததும் நேரே போய் நீர்நாய்க் கதையை எடுக்கும். வேறு புத்தகம் ஒன்றையும் தொடாது. இந்தப் பிள்ளைக்கு என்ன, ஒரே புத்தகம் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மிஸ் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். புத்தகம் பார்க்கமாட்டார், எல்லாம் மனப்பாடம். ஒரு சனிக்கிழமை நீர்நாய்க் கதையைச் சொல்லிக்கொண்டு போய், குட்டி தனியாக முகத்துவாரத்தைக் கடந்ததோடு முடித்தார். நஸ்ரின் எழுந்து நின்றாள்.

“மிஸ், நீங்க பிழையாச் சொல்றீங்க. அதுக்குப் பொறகு உம்மா வரும்.”

அந்த நூலகத்தில் இராசமலர் மிஸ்ஸைப் பார்த்து யாரும் பிழை என்று சொன்னதில்லை. நகரசபையிலிருந்து வரும் பெரியவர்கள்கூடச் சொன்னதில்லை. “இல்லை பிள்ளை,” என்றார் மிஸ். நஸ்ரின் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள். மிஸ் கண்ணாடியைப் போட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தவராசா,” என்று என்னைக் கூப்பிட்டார்.

தன் அறையான கந்தோருக்குள் மேசை லாச்சியைத் திறந்து என் சீட்டை எடுத்தார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே, நான் உள்ளே வரும்போதெல்லாம் என் கண்ணில் படும் இடத்தில் வைத்தார்.

“என்ன நடந்தது?”

“மான் திண்டிட்டுது, மிஸ்.”

“வரிசையையுமோ மான் மாத்தினது?”

நான் சீட்டில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

“நான் உம்மட கையெழுத்தை நம்பித்தான் புத்தகத்தை அடுக்கினனான்,” என்றார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

“பிரிச்சுத் திருப்பிக் கட்டும்,” என்றார்.

பிரித்துக் கட்டியிருப்பேன். அன்று பின்னேரம் ரபீக் வந்து வாசலில் நின்றபடி, “அண்ணன், மனிசி நேத்து கோல் எடுத்தா. இன்னும் ரெண்டு வருசம் நிக்கப் போறாவாம். புள்ளைக்கு இன்னும் சொல்லல்ல,” என்று சொன்னார். என் கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் செய்ததை வேலை என்று சொல்ல முடியாது. நூல் ஈரம் என்றேன். ஊசி துருப்பிடித்துவிட்டது என்றேன். பசைக்கு மா இல்லை என்றேன். மிஸ் தன் துணிப் பையிலிருந்து ஒரு கிலோ கோதுமை மாவை எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரலில் வெட்டுக்காயம் என்று துணி சுற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் மறந்துபோய் மற்றப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மிஸ் இரண்டு கையையும் பார்த்தார். “இரும்,” என்று கதிரையைக் காட்டினார். இருந்தேன்.

“நீர் அந்தப் பிள்ளைக்காகத்தான் இழுக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். எனக்கும் கண் இருக்கு. ஆனா அந்தப் புத்தகம் என்ன சொல்லுது? உம்மா திரும்பி வருவா எண்டு சொல்லுது. வராட்டி? அவ அங்க என்ன பாடோ, ஆருக்குத் தெரியும்? அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை நம்பும்?”

அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பதினாறு பக்கத்தைப் பிரித்து நடுவில் வைக்க என் கை வரவில்லை, அதுவும் உண்மை.

“நானே சொல்லுறன்,” என்று மிஸ் எழுந்தார்.

நஸ்ரினைக் கூப்பிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். புத்தகத்தைத் திறந்தார். பக்கம் மாறிவிட்டது, தவராசா மாமா பிழையாகக் கட்டிவிட்டார் என்று சொன்னார். பிள்ளை நம்பவில்லை. மிஸ் படத்தைக் காட்டினார்.

“இஞ்ச பாரும். முகத்துவாரத்தைக் கடக்கேக்க குட்டி எவ்வளவு பெரிசு? அடுத்த பக்கத்தில அம்மாவோட இருக்கேக்க எவ்வளவு சின்னன்? வளர்ந்த குட்டி எப்பிடிப் பிள்ளை திரும்பச் சின்னன் ஆகும்?”

நஸ்ரின் படத்தைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியாதா என்ற மாதிரி ஒரு பார்வை.

“உம்மா வந்துட்டா தானே மிஸ். அதுதான் சின்னனாயிட்டு.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. திரும்பப் போட்டுக்கொண்டு, “நீர் போய் வாசியும்,” என்று புத்தகத்தை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

கந்தோருக்குள் வந்து என்னிடம் தீர்ப்புச் சொன்னார். கொழும்பிலிருந்து சரியான பிரதி ஒன்றை எடுப்பிப்பது. அது வந்து அடுக்கில் இருக்கும். பழையதும் இருக்கும். “ஆனா இந்தச் சீட்டு இஞ்சதான் கிடக்கும்,” என்று மேசைக் கண்ணாடியில் விரலை வைத்தார். “அந்த மனுசி வந்து சேரட்டும். பிறகுதான் இது சரியோ பிழையோ எண்டு பாப்பம்.”

இரண்டு வருடம் என்பது மூன்றரை வருடம் ஆனது. அவ்வளவு காலமும் நான் சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டு என்னைப் பார்க்கும். நான் ஒவ்வொரு புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டத் தொடங்கினேன். நஸ்ரின் வேறு புத்தகங்களும் வாசித்தாள், வளர்ந்தாள். கொழுகொம்பு மாதிரி உயரம். நீர்நாய்க் கதையை எடுப்பதை விட்டுவிட்டாள். அதைக் கவனித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. மிஸ்ஸும் கவனித்தார் என்று தெரியும், ஏனென்றால் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டியது அவர்தான்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் ரபீக்கின் ஓட்டோ வந்து நின்றது. முதலில் நஸ்ரின் இறங்கினாள். பிறகு கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் இறங்கினார். மெலிந்த முகம், கையில் புதுக் கைப்பை. “மனிசி வந்துட்டா அண்ணன்,” என்றார் ரபீக். குரலில் சந்தோசம் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது. மெல்லச் சொன்னார்: “வந்து நாலு நாள். புள்ள பக்கத்துல போகுதில்ல. எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்பிடுது. ஆனா இண்டைக்கு லைப்ரரிக்குப் போவம் எண்டு அதுதான் சொல்லிச்சு.”

தாய் வாசிப்பு மேசையில் போய் இருந்தார். நஸ்ரின் இரண்டு கதிரை தள்ளி இருந்தாள்.

“எந்தப் புத்தகம் மகள்?”

“அங்க இருக்கு. நீர்நாய்.”

தாய் போய் எடுத்து வந்தது புதுப் பிரதி. கொழும்பிலிருந்து வந்தது, பக்க எண்ணெல்லாம் ஒழுங்காக உள்ளது. எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார். அம்மாவும் குட்டியும் விளையாடினார்கள். குளம் வற்றியது. அம்மா போகும் இடம் வந்ததும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். கூழைக்கடா பழக்கியது. குட்டி தனியாக முகத்துவாரத்தைக் கடந்தது. முற்றும்.

தாய் புத்தகத்தை மூடிவிட்டுக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இருந்தார். நஸ்ரின் மேசையையே பார்த்தாள்.

“இது இல்ல,” என்றாள்.

தாய்க்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கந்தோருக்குள்ளிருந்து மிஸ் எழுந்து வந்தார். அடுக்குக்குப் போய்ப் பழைய பிரதியை எடுத்து, அவர்கள் முன்னால் வைத்து, குட்டி முகத்துவாரத்தைக் கடந்த பக்கத்தில் திறந்து கையை எடுத்தார். அது அப்படியே விரிந்து கிடந்தது.

“இன்னும் பதினாறு பக்கம் இருக்கு,” என்றார் தாயிடம். “வாசியுங்கோ.”

தாய் வாசித்தார். ஐந்தாறு பக்கம் போனதும் நஸ்ரின் ஒரு கதிரை கிட்ட வந்தாள். படம் தெரியவில்லை என்று சொல்லி மற்றக் கதிரைக்கும் வந்தாள். மூழ்கப் பழக்கும் இடம் வந்தபோது தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு எப்போது நடந்தது என்று நான் பார்க்கவில்லை, கண் மங்கலாக இருந்தது. பார்த்தபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின் மடியில் இருந்தது. கால் இரண்டும் நிலத்தில் இழுபட்டன. கதிரை கிறீச்சிட்டது.

ஒரு கதிரையில் இரண்டு பேர். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் போய் முன்னால் நிற்பாரோ என்று நினைத்தேன். அவர் கந்தோருக்குள் போய் மேசைக் கண்ணாடியைத் தூக்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பசை இருக்கோ?”

“இருக்கு, மிஸ்.”

“அவை போனாப் பிறகு, பின் அட்டைக்குள்ள இதை ஒட்டும்.”

“மிஸ், வரிசை பிழைதானே?”

“கையெழுத்துப் போட்டது நீர்தானே?”

“ஓம்.”

“பிறகென்ன கேள்வி? கட்டி விழாமக் காய்ச்சும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணந்து பார்த்தார். விரலை நீட்டவில்லை.

ஆகவே கவிதா, வரிசையை மாற்றாமல் இருக்கிறபடியே ஸ்கேன் பண்ணுங்கோ. சீட்டையும் சேர்த்து எடுங்கோ. யாராவது வந்து பிழை என்று சொன்னால், கட்டியவன் முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டான், பக்கங்கள் சரி என்று சொல்லுங்கோ.